லிஸ்பனிலிருந்து வந்த எண்கள்

அத்தியாயம் 5

செனட்டர் அசாஃப் ட்ரெட்வெல்லுக்குக் கோபம் வந்தால் அவர் தலையில் இருக்கும் டோப்பா ஒரு பக்கமாக நகர ஆரம்பிக்கும். அன்று காலை அவர் வீட்டு வரவேற்பறைக்குள் நாங்கள் நுழைந்தபோது அது இடது காதை முழுதாக மூடியிருந்தது.

"பாஸ், இன்னும் கொஞ்சம் நகர்ந்தா தாடி ஆயிடும்," என்றேன் மெதுவாக.

"சும்மா இரு."

பாஸ் என்றால் ஹென்ட்ரிக் குவாக்கன்பாஸ். ஆல்பனியில் ஷெரிஃபாக இருந்துவிட்டு இப்போது ஃபிலடெல்ஃபியாவில் பெரிய மனிதர்கள் தொலைக்கிற பொருட்களையும் மானத்தையும் தேடிக் கொடுப்பவர். டச்சுக்காரர். ஆறடி உயரம், அதே அளவுக்குப் பசி. பெயரிலேயே பாஸ் இருப்பதால் நான் மிச்சத்தைச் சொல்லிக் கஷ்டப்படுவதில்லை. என் பெயர் ஸைலஸ் பிட்கின். கனெக்டிகட்டில் ஊர் ஊராகப் போய் ஜாதிக்காய் விற்றவன். அந்த ஜாதிக்காய்கள் மரத்தில் செதுக்கியவை என்று ஒரு பேச்சு உண்டு. எந்தக் கோர்ட்டிலும் நிரூபணம் ஆகவில்லை.

"உங்களை நான் கூப்பிடலையே," என்றார் செனட்டர்.

"குழுத் தலைவர் ஹால்சி அனுப்பினார்," என்று சொல்லிவிட்டு, யாரும் உட்காரச் சொல்லாத நாற்காலியில் பாஸ் உட்கார்ந்தார். "உங்க சங்கேதப் புத்தகத்தை மத்தியானத்துக்குள்ள கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கார்."

"அதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? எடுத்தவன் ஜெயில்ல இருக்கான்."

விஷயம் இதுதான். சுதந்திரம் வாங்கி இருபது வருஷம்கூட ஆகாத நாடு. வெளிநாட்டில் இருக்கிற தூதர்களோடு ரகசியமாகக் கடிதம் எழுத வேண்டும். நடுக்கடலில் இங்கிலீஷ்காரனோ பிரெஞ்சுக்காரனோ பையைப் பிரித்துப் படித்துவிடுவான். அதனால் ஒரு புத்தகம் போட்டார்கள். அதில் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு எண். வார்த்தைக்குப் பதில் எண்ணை எழுதினால், புத்தகம் வைத்திருப்பவன் மட்டும் படிக்கலாம். லிஸ்பனில் இருந்த தூதர் கிடியன் மார்ஷிடம் ஒரு பிரதி. செனட்டில் கடல்கடந்த காரியங்களைக் கவனிக்கும் குழுவுக்காகக் கடிதம் எழுதிவந்த ட்ரெட்வெல்லிடம் இன்னொன்று. மூன்றாவது கிடையாது.

நேற்று காலை, மார்ஷ் எழுதிய ரகசியக் கடிதம் என்று 'காலை முரசு' பத்திரிகை முதல் பக்கத்தில் ஒன்றை வெளியிட்டது. போர்ச்சுகலுக்கு நாம் விற்கிற கருவாட்டின் நாற்றம் மாட்ரிட் வரைக்கும் அடிக்கிறது, நம் செனட்டர்கள் தூக்கத்தில்தான் ஓட்டுப் போடுகிறார்கள், அதில் ட்ரெட்வெல் ஒரு காலிப் பீப்பாய், தட்டினால் சத்தம் மட்டும் பிரமாதம். இந்த ரீதியில் ஒன்றரைப் பத்தி. காபிக் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்ததை நானே பார்த்தேன். நானும் தட்டினேன்.

சாயங்காலமே செனட்டரின் குமாஸ்தா லெமுவேல் ஆஷ்கோமைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். புத்தகத்தைத் திருடிப் பத்திரிகைக்கு விற்றான் என்று புகார். இன்று மத்தியானம் குழு கூடி அந்தப் புகாரை ஏற்றுக்கொண்டால் அடுத்தது கோர்ட். பிறகு பத்து வருஷம் ஜெயில் பட்டறையில் இரும்பைக் காய்ச்சி ஆணி அடிக்க வேண்டியதுதான்.

"கடிதம் வந்ததும் யார் படிச்சது?" என்றார் பாஸ்.

"நான்தான். கதவைச் சாத்திக்கிட்டு, புத்தகத்தைப் பாத்து ஒவ்வொரு வார்த்தையா எழுதிப் படிச்சேன்."

"எழுதின தாள்?"

"எரிச்சுட்டேன். ரகசியமாச்சே."

"பத்திரிகையில வந்தது அதே கடிதம்தானா?"

"வார்த்தைக்கு வார்த்தை."

நான் வாயைத் திறந்தேன். பாஸ் தடுப்பதற்குள் கேள்வி வெளியே வந்துவிட்டது. "அந்தக் காலிப் பீப்பாய் விஷயமும் மார்ஷ் எழுதினதுதானா, ஐயா?"

செனட்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெருவில் மிளகு சூப் விற்கிறவள் கூவிக்கொண்டு போனாள்.

"அதுவும்தான்," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "முப்பது வருஷ சிநேகிதம். ஒரே கூடாரத்துல படுத்து யுத்தம் பண்ணினோம். என்னைப் போய் பீப்பாய்ங்கறான்."

பாஸ் எழுந்தார். "எண்களா இருக்கிற அந்த அசல் கடிதம் கிடைக்குமா?"

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. புத்தகம் இல்லாம அது வெறும் மளிகைக் கணக்கு."

*

'காலை முரசு' அச்சகம் இரண்டாவது தெருவில், மீன்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. முதலாளி கெட்டூரா டன்வுடி. புருஷன் செத்த பிறகு பத்திரிகையை அவளே நடத்தினாள். அவன் இருந்தபோதும் அவள்தான் நடத்தினாள் என்பது ஊருக்குத் தெரியும். முழங்கை வரை மை, வாயில் களிமண் பைப், கை தன்பாட்டில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தது.

"கடிதம் எங்கிருந்து கிடைச்சுதுன்னு சொல்ல மாட்டேன்," என்றாள் எங்களைப் பார்த்ததும். "பத்திரிகை தர்மம்."

"நான் கேக்கவே இல்லையே," என்றார் பாஸ். "ஜாக்கிரதையா இருங்கன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"எதுக்கு?"

"நீங்க போட்டது வார்த்தைக்கு வார்த்தை உண்மைன்னு செனட்டர் சொல்லிட்டார். அப்படின்னா அது அரசாங்க ரகசியம். திருடின பையனுக்குப் பத்து வருஷம். வாங்கி அச்சடிச்சவங்களுக்கும் அதேதான் கொடுப்பாங்கன்னு நினைக்கிறேன். பிட்கின், பொம்பளைங்களும் ஆணி அடிக்கணுமா?"

"இல்ல பாஸ், அவங்களுக்குக் கம்பளி நூற்கிற வேலை. பைப் பிடிக்க விட மாட்டாங்க."

அவள் கை நின்றது. பைப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "என்ன சொன்னார் அவர்?"

"வார்த்தைக்கு வார்த்தை."

"அந்த ஆளுக்குப் பைத்தியமா?" அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "நானே உக்காந்து எழுதினதுய்யா அது. லிஸ்பன் கப்பல்ல அவருக்கு முத்திரை வெச்ச கடிதம் வந்ததைத் துறைமுகமே பாத்துது. அதுல என்ன இருக்கும்னு ஊரே பேசிச்சு. நான் எழுதிப் போட்டேன். மறுநாள் அவர் மறுப்பு எழுதுவார், அதையும் போடலாம், ரெண்டு இதழ் ஓடும்னு கணக்குப் பண்ணினேன். இந்த மனுஷன் மறுக்காம குமாஸ்தாவைப் பிடிச்சு உள்ள போட்டா நான் என்ன செய்யறது?"

"பொய்க் கடிதம் போட்டாத் தப்பில்லையா?" என்றேன்.

"உண்மையான ரகசியத்தைப் போட்டா ஜெயில். பொய்யைப் போட்டா அதுக்குப் பேரு பத்திரிகை."

"மத்தியானம் குழு முன்னாடி வந்து இதைச் சொல்வீங்களா?" என்றார் பாஸ்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்தப் பையன் மாட்டிக்குவான்னு நான் நினைக்கல. ராத்திரியிலிருந்து மனசு சரியில்ல." பைப்பை மறுபடி எடுத்துக்கொண்டாள். "அங்க அடுத்த இதழுக்குச் செய்தி ஏதாவது தேறுமா?"

"தேறும்."

"அப்போ வரேன்."

மாடிப்படி இறங்கும்போது நான் சொன்னேன், "பாஸ், இது விளங்கல. இவங்க கற்பனையா எழுதினது அங்க வந்த கடிதத்தோட வார்த்தைக்கு வார்த்தை பொருந்துதுன்னா, ஒண்ணு இந்தம்மா தீர்க்கதரிசி. இல்லேன்னா செனட்டர் கடிதத்தைப் படிக்கவே இல்ல."

"இந்தம்மாவைப் பாத்தா தீர்க்கதரிசி மாதிரி இருக்கா?"

"பைப்பை எடுத்துட்டாக்கூட இல்ல."

"ஆனா இவ பேச்சை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. ஜெயிலுக்குப் பயந்து மாத்திப் பேசறான்னு செனட்டர் ஒரே போடா போட்டுடுவார். வேற ஒண்ணு வேணும். அதுக்கு முன்னாடி சூப் வேணும்."

தெருமுனையில் அந்த மிளகு சூப்காரியிடம் நின்றபடியே இரண்டு கிண்ணம் குடித்தார். ஜெயிலுக்குப் போகும் வழியில் என் கிண்ணத்தையும் அவரே முடித்தார்.

*

லெமுவேல் ஆஷ்கோம் பரிதாபப்பட வசதியான ஆளாக இல்லை. ஒல்லி, நீள மூக்கு, அழுக்கான அறையிலும் கழுத்துத் துணியைச் சுருக்கமில்லாமல் கட்டியிருந்தான். கையில் நேற்றைய பத்திரிகை. அதில் கரித்துண்டால் நிறைய வட்டம் போட்டிருந்தான்.

"இதை நான் வித்தேன்கறாங்க," என்றான் எங்களிடம். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "ரெண்டாவது பத்தியில வினைச்சொல்லையே காணோம். என் மானம் போச்சு."

"தம்பி, உனக்குப் பத்து வருஷம் ஆணி அடிக்கிற வேலை காத்திட்டிருக்கு," என்றேன்.

"தெரியும்." பத்திரிகையை மடித்து வைத்தான். "எங்கம்மா இன்னும் இங்க வரல. நம்பிட்டாங்களோ என்னவோ."

பாஸ் அவன் பக்கத்தில் வைக்கோலில் உட்கார்ந்தார். சாதாரணமாக அவர் அப்படி உட்கார மாட்டார். எழுப்ப இரண்டு ஆள் வேண்டும். "புத்தகத்தை நீ பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேனாவா? ரெண்டு பிரதியையும் எழுதினதே நான்தான். அகர வரிசையா, ஒரு வார்த்தைக்கு ஒரு எண். ஒரு நாட்டை நடத்த ஆயிரத்து எழுநூறு வார்த்தை போதும்னு செனட்டர் சொல்லிட்டார். 'மன்னிக்கவும்' சேர்க்கட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், தேவைப்படாதுன்னார்."

"சரியா ஆயிரத்து எழுநூறா?"

"ஒண்ணு கூடுதலும் இல்ல, குறைச்சலும் இல்ல. கடைசி வார்த்தை வைராக்கியம். அதோட புத்தகம் முடிஞ்சுது."

"கடிதங்களுக்கு எண் போடறது யாரு?"

"முன்னல்லாம் நான் போடுவேன். ஒன்றரை வருஷமா அவரேதான். கதவைச் சாத்திக்குவார். நான் வெளியில நின்னு மேல்விலாசம் எழுதறதோட சரி."

"ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கல. நியூஜெர்சியில மாமியார் வீட்டுக்குப் போயிட்டு வந்தார். வந்தப்போ முகம் வெளுத்திருந்தது. மாமியார் வீடுதானேன்னு நான் கேக்கல."

பாஸ் சட்டைப் பையிலிருந்து செனட்டர் கொடுத்த அசல் கடிதத்தை எடுத்தார். நான்கு பக்கம், முழுக்க எண்கள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் போனார். முதல் பக்கம் மூன்றாவது வரியில் விரல் நின்றது. பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். சத்தம் கேட்டு ஜெயிலர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். குவேக்கர் சபையைச் சேர்ந்த சாதுவான மனிதர், ஜெயிலில் யாரும் சிரித்து அவர் கேட்டதில்லை.

"என்ன பாஸ்?"

"ஒண்ணுமில்ல. என்னைத் தூக்கி விடு. மணி ஆச்சு."

*

குழு கூடும் அறையில் நீள மேஜை, ஏழெட்டு செனட்டர்கள், திறக்க முடியாத ஜன்னல்கள். மே மாதமே வெயில் பொசுக்கியது. தலைவர் ஹால்சி வற்றிப்போன கிழவர். மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து மூடுவதுதான் அவருடைய பேச்சில் பாதி. லெமுவேலைக் காவலர்கள் ஓரமாக நிறுத்தினார்கள். கெட்டூரா கதவோரம் நின்றாள்.

"புத்தகம் கிடைச்சுதா?" என்றார் ஹால்சி.

"இருக்குற இடம் இப்போ தெரிஞ்சுடும்," என்றார் பாஸ். "முதல்ல இந்தம்மா பேசட்டும்."

கெட்டூரா பேசினாள். எல்லாம் தன் கற்பனை என்றாள். மேஜையைச் சுற்றி முணுமுணுப்பு.

ட்ரெட்வெல் எழுந்தார். டோப்பா நேராகத்தான் இருந்தது. நன்றாகத் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறார் என்று தோன்றியது. "ஜெயிலுக்குப் பயந்து மாத்திப் பேசறாங்க. பத்திரிகையில வந்தது வார்த்தைக்கு வார்த்தை மார்ஷ் எழுதினது. படிச்சவன் நான் சொல்றேன்."

"உங்க பேச்சை யாரும் சந்தேகப்படல, ஐயா," என்றார் பாஸ் மிகவும் பணிவாக. அந்தக் குரலை நான் ஜாதிக்காய் விற்ற காலத்தில் உபயோகித்திருக்கிறேன். "எனக்காக ஒரு சின்ன உதவி. படிச்சு ரொம்ப நாள் ஆகல. இதோ, மூணாவது வரியில ஒரு எண் இருக்கு. இந்த ஒண்ணு மட்டும் என்ன வார்த்தைன்னு ஞாபகம் இருக்கா?"

செனட்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "ரெண்டாயிரத்து முந்நூத்தி ஆறு. ம்." விரலால் மேஜையைத் தட்டினார். "துறைமுகம். ஆமா, துறைமுகம்தான். இந்த எண் அடிக்கடி வரும். எனக்குப் புத்தகமே வேண்டியதில்ல."

ஓரத்திலிருந்து ஒரு தும்மல் போலச் சத்தம் வந்தது. லெமுவேல். அவனால் தவறான விவரத்தைச் சகித்துக்கொள்ள முடியாது; தூக்குமேடையில் நிறுத்தினாலும் திருத்துவான்.

"புத்தகம் ஆயிரத்து எழுநூறோட முடியுது," என்றான். "நான்தான் எழுதினேன். நீங்கதான் போதும்னு சொன்னீங்க. ரெண்டாயிரத்து முந்நூத்தி ஆறுன்னு ஒரு எண்ணே கிடையாது."

ஹால்சியின் டப்பா திறந்தபடியே நின்றது.

ட்ரெட்வெல் கடிதத்தைப் பார்த்தார், லெமுவேலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கதவுக்கும் அவருக்கும் நடுவில் பாஸ் இருந்தார். யாரும் சுற்றிக்கொண்டு போக முடியாத அளவுக்கு இருந்தார். செனட்டர் உட்கார்ந்தார். டோப்பாவைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அது இல்லாமல் அவர் யாரோ ஒரு சாதாரணக் கிழவர், மண்டையில் வியர்க்குரு.

"டெலாவேர் ஆத்துல இருக்கு," என்றார்.

"எது?" என்றார் ஹால்சி.

"புத்தகம். நியூஜெர்சியிலிருந்து படகுல திரும்பி வந்தேன். மாமியார் வீட்டுச் சிப்பி சாப்பாடு ஒத்துக்கல. படகு விளிம்புல சாஞ்சு வாந்தி எடுத்தேன். கோட்டுப் பையில இருந்த புத்தகம் வாந்திக்கு முன்னாடி ஆத்துல விழுந்துடுச்சு." துடைத்துக்கொள்ள ஏதோ தேடி, டோப்பாவாலேயே நெற்றியைத் துடைத்தார். "ஒரு மாசத்துல சொல்லிடலாம்னு நினைச்சேன். அப்புறம் சொல்லாம விட்டதை எப்படிச் சொல்றதுன்னு ஆயிடுச்சு."

"ஒன்றரை வருஷமா மார்ஷோட கடிதம் எதையும் நீங்க படிக்கலையா?"

"இல்ல."

"அப்போ நாங்க சொன்னதையெல்லாம் எண்ணா மாத்தி அவருக்கு அனுப்பினீங்களே?"

"எண்தான் அனுப்பினேன்," என்றார் ட்ரெட்வெல்.

ஒருவர் மட்டும் சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"நேத்து பத்திரிகையைப் பாத்ததும், ஆத்துல மீன் பிடிக்கிறவன் எவனோ புத்தகத்தை எடுத்துட்டான்னு நினைச்சேன்," என்றார் ட்ரெட்வெல். "கடிதம் நிஜம்னே நம்பினேன். மார்ஷ் என்னை அப்படி எழுதிட்டான்னே நம்பினேன். ராத்திரி தூக்கம் இல்ல. அப்புறம் புத்தகம் எங்கன்னு எல்லாரும் கேட்டப்போ, வாயில வந்தது லெமுவேல் பேரு." அவர் திரும்பி அவனைப் பார்த்தார். "உன்னை உள்ள தள்ளினது நான்தான்ப்பா. நீ ஒண்ணும் பண்ணல."

"சத்தமா சொல்லுங்க," என்றான் லெமுவேல். கண் கலங்கியிருந்தது, மூக்கு மட்டும் மேலேயே இருந்தது. "குறிப்பு எழுதறவருக்குக் கேக்கல. வெளியில எங்கம்மா வந்திருந்தா அவங்களுக்கும் கேக்கணும்."

செனட்டர் எழுந்து நின்று சத்தமாகச் சொன்னார். இரண்டு தடவை. காவலர்கள் லெமுவேலின் கைக்கட்டை அவிழ்த்தார்கள்.

அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். தொப்பியைக்கூட எடுத்துக்கொண்டேன். பாஸ் நகரவில்லை. யாரோ பரிமாறுவார்கள் என்று காத்திருப்பவர் போல மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"பாஸ், ஒரு சந்தேகம். இந்தக் கடிதத்தை எழுதினது மார்ஷ்தானே?"

"ஆமா."

"புத்தகத்துல இல்லாத எண்ணை அவர் எப்படி எழுதினார்?"

"யாராவது கேப்பீங்கன்னுதான் நிக்கிறேன்," என்றார் பாஸ்.

ஹால்சி பெட்டியைத் திறந்து மார்ஷின் பழைய கடிதங்களை மேஜையில் கொட்டினார். செனட்டர்கள் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்தார்கள். ஆரம்பத்துக் கடிதங்களில் ஆயிரத்து எழுநூறைத் தாண்டி ஒன்றுமில்லை. கடைசி ஒன்றரை வருஷத்துக் கடிதங்களில் எண்கள் கட்டவிழ்த்துவிட்ட மாடு மாதிரி ஓடின. மூவாயிரம், நாலாயிரம். ஒரு கடிதத்தில் வரிசையாக ஏழு தடவை ஒரே எண். அன்று மார்ஷுக்குச் சோம்பலாக இருந்திருக்க வேண்டும்.

"அவர்கிட்டயும் புத்தகம் இல்ல," என்றார் பாஸ். "அங்க எந்த ஆத்துல போச்சோ தெரியாது. அவர் மனசுக்கு வந்ததை எழுதி அனுப்பினார். நீங்க மனசுக்கு வந்ததை எழுதி அனுப்பினீங்க. செனட்டர் பதில் போடறதால, புத்தகத்தைத் தொலைச்சது தான் மட்டும்தான்னு மார்ஷ் நினைச்சார். மார்ஷ் பதில் போடறதால, தனக்கு மட்டும்தான் புரியலன்னு இவர் நினைச்சார். புத்தகம் இவர்கிட்ட இருந்திருந்தா, இந்த எண்ணைப் பாத்ததுமே கண்டுபிடிச்சிருப்பார்."

ட்ரெட்வெல் அந்த நான்கு பக்கத்தையும் கையில் எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். அவர் தோள் ஆடியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"நாலு பக்கம்," என்றார். "படவா. உக்காந்து நாலு பக்கம் எழுதியிருக்கான்." பிறகு, "அப்போ என்னைப் பீப்பாய்னு அவன் சொல்லல."

"அது நான் சொன்னது," என்றாள் கெட்டூரா கதவோரமிருந்து.

ஹால்சி மேஜையைத் தட்டினார். "இருங்க. போன மாசம் ஒப்பந்தம் வந்துதே. கருவாட்டு ஒப்பந்தம்."

அந்த ஒப்பந்தம் எங்களுக்கும் தெரியும். மார்ஷ் லிஸ்பனில் கையெழுத்துப் போட்டு அனுப்பியது. நம் கருவாட்டுக்குப் போர்ச்சுகல் வரியைப் பாதியாகக் குறைத்திருந்தது. உப்பும் மலிவு விலைக்குத் தருவதாக எழுதிக் கொடுத்திருந்தது. பாஸ்டனில் பட்டாசு வெடித்தார்கள்.

"குழுவின் கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிய தூதர்னு நாம தீர்மானம் போட்டோம்," என்றார் ஒரு செனட்டர் மெல்ல.

"நாம என்ன கட்டளை அனுப்பச் சொன்னோம்?" என்றார் ஹால்சி.

குறிப்பு எழுதுபவர் பக்கங்களைப் புரட்டினார். "வரியைப் பத்திப் பேச வேண்டாம், உப்பைப் பத்தி வாயே திறக்க வேண்டாம், மூணு மாசம் உடம்பு சரியில்லைன்னு படுத்துக்கணும்."



"அடுத்த கப்பல்லயே அவருக்குப் புதுப் புத்தகம் அனுப்பிடலாம்," என்றார் இன்னொருவர். "நம்ம கட்டளை இனிமேயாவது சரியாப் போய்ச் சேரும்."

ஹால்சி டப்பாவைத் திறந்தார். பொடியை ஒரு சிட்டிகை எடுத்து, நிதானமாக இழுத்து, கண்ணை மூடித் திறந்தார்.

"வேண்டாம்," என்றார்.

"தலைவரே, அங்க ஸ்பெயின் வியாபாரம் வேற பேச வேண்டியிருக்கு."

"அதனாலதான் வேண்டாம்கறேன்." குறிப்பு எழுதுபவரிடம் கையை நீட்டினார். அவர் அன்றைய தாள்களைக் கொடுத்தார். ஹால்சி அவற்றை நான்காக மடித்துத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தார். "நீங்க இதை அச்சடிப்பீங்களா, அம்மா?"

கெட்டூரா பைப்பை இரண்டு தடவை இழுத்தாள். அவள் மனதுக்குள் எழுத்துக் கோத்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. "என்னத்தைப் போடறது? ரெண்டு பேர் ஒன்றரை வருஷம் வெறும் எண்ணை எழுதிக்கிட்டாங்க, நாட்டுக்கு லாபம் வந்துதுன்னா? நேத்து போட்டதையாவது நம்பினாங்க. இதைப் போட்டா சந்தாவை நிறுத்திடுவாங்க."

"லெமுவேல்," என்றார் ஹால்சி. "உனக்குப் பழைய உத்தியோகமே உண்டு. இஷ்டம் இருந்தா."

"சம்மதம்தான். கதவைத் திறந்து வெச்சுத்தான் வேலை செய்வேன்."

"சரி. உக்காரு. மார்ஷுக்குப் பதில் எழுதணும்."

லெமுவேல் உட்கார்ந்தான். தாளை நேராக்கினான். இறகுப் பேனாவை மையில் தொட்டு, சொட்டு விழாமல் வழித்தான். "சொல்லுங்க."

"எண்."

"எந்த எண்?"

"உனக்குப் பிடிச்ச எண். ரெண்டு பக்கம் வரட்டும். மரியாதையா இருக்கணும்."

லெமுவேல் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டான். பிறகு எழுத ஆரம்பித்தான். அறை முழுக்கப் பேனா கீறும் சத்தம். பாஸ் என்னிடம் சாய்ந்து, பக்கத்தில் நல்ல ஆட்டுக்கறி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். இரண்டு பக்கம் முடிந்ததும் லெமுவேல் மணல் தூவி உலர்த்தி, தாள்களை ட்ரெட்வெல் முன்னால் கையெழுத்துக்கு வைத்தான்.

செனட்டர் டோப்பாவைப் போட்டுக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், உதடு அசைய, எல்லா எண்களையும் நிதானமாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு இடத்தில் நின்று யோசித்தார். பேனாவை வாங்கி, அந்த எண்ணை அடித்துவிட்டு, மேலே வேறொன்றைச் சின்னதாக எழுதினார்.

"இது கொஞ்சம் கடுமையா இருந்தது," என்றார். "மார்ஷ் மனசு சங்கடப்படுவான்."

கையெழுத்துப் போட்டார்.